ஃப்யூஸ் அக்காவும் மூன்று குண்டுகளும்

என் வீட்டுக்காரிக்கு ‘ஒருவேளை’ என்ற வார்த்தையே தெரியாது. டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட, “போதும், பேசாம குடிங்க” என்றுதான் பதில் வரும். வேலையிலும் அப்படித்தான். பழைய பின்பால் மிஷினைத் திறந்ததும் மூக்கை உள்ளே நீட்டி மோந்து பார்ப்பாள். “காயில் கருகிடுச்சு” என்பாள், உள்ளே இருக்கும் கம்பிச்சுருளைச் சொல்கிறாள். அப்புறம்தான் மீட்டரைக் கையில் எடுப்பாள். மீட்டர் அவளை எதிர்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. நான் பேசியிருக்கிறேன். ஜெயித்ததில்லை.

பின்பால் ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாய்வான பெட்டி, மேலே கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஒன்று மேலே பாய்ந்து, தூண்களில் முட்டி மோதி, விளக்குகளை எரியவிட்டுக் கீழே உருண்டு வரும். அது குழியில் விழாமல் பொத்தானை அமுக்கித் துடுப்பால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பலகையைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டுமே! அம்மாடி, எத்தனை ஒயர், எத்தனை சுவிட்ச்! எனக்குத் தலை சுற்றும். அவளுக்குப் பசி பறந்துபோகும்.

முன்பு அவள் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தாள். பேட்டரி ஒழுகிப் பச்சைக் களிம்பு பிடித்த பின்பால் போர்டு ஒன்று அங்கே வந்தது. தேறாது என்று கடைக்காரர் ஒதுக்கியதை இவள் எடுத்துத் தேய்த்துக் கழுவி, அரித்துப்போன தடங்களுக்குப் பதில் மெல்லிய கம்பி பற்றவைத்து ஓட வைத்தாள். அது ஓடிய நாளில் இவளும் கடையை விட்டு ஓடி வந்துவிட்டாள். “இனிமே இதுதாங்க என் வேலை” என்றாள். சரி என்பதைத் தவிர நான் என்ன சொல்ல?

நான் தையல்காரன். எங்கள் முன்னறையில் ஜன்னல் பக்கம் என் தையல் மிஷின், சுவர்ப் பக்கம் அவளுடைய ஈயமும் சூட்டுக்கோலும். நடுவில் எல்லைக்கோடு உண்டு என்று நான் சொல்வேன். அவள் ஒருநாளும் மதித்ததில்லை. என் கத்தரிக்கோலில் ஒயர் வெட்டுவாள், என் பிரஷ்ஷில் போர்டு துடைப்பாள். கேட்டால், “உங்களுது வேற, என்னுது வேறயா?” என்று ஒரு போடு போடுவாள். தெருவில் அவளுக்கு ஃப்யூஸ் அக்கா என்று பேர். எனக்கு ஃப்யூஸ் அக்கா வீட்டுக்காரர் என்று பேர். போகட்டும்.

கடைவீதி மாடியில் ஒரு விளையாட்டு ஹால் இருக்கிறது. சுவரோரம் வரிசையாகப் பின்பால் மிஷின்கள். பழுதானால் ஹால்காரர் யார் கிடைக்கிறாரோ அவரைக் கூப்பிடுவார். பிறகு மொத்த ஹாலையும் ஒருவர் பொறுப்பில் விட்டுவிட நினைத்தார். மிஷின் கம்பெனி ஆள் ஒருவரும் அந்தப் பொறுப்புக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தார். அது தனக்குத்தான் வர வேண்டும் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

“கூப்பிட்டா ஓடுற ஆளா எத்தனை காலத்துக்குங்க? அந்த ஹால் என் கையில இருக்கணும். ராத்திரி படுக்கும்போது எல்லா மிஷினும் நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டே தூங்கணும்.”

சிலர் நகைக்கு ஆசைப்படுவார்கள். என் பாடு இது.

அங்கேதான் வந்தது வினை. ஹாலில் மூன்று குண்டு போட்டு ஆடும் மிஷின்கள் சில உண்டு. அதில் ஒன்றுதான் கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்தது. குண்டுகள் கீழே ஒரு பள்ளத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுவிட்ச். மூன்றும் வந்துவிட்டதாகச் சுவிட்சுகள் சொன்னால்தான் அடுத்த ஆட்டம். திடீரென்று அது, குண்டு காணவில்லை என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. எல்லாக் காயிலையும் தடதடவென்று அடித்துத் தேடும். குண்டோ பள்ளத்திலேயே கிடக்கும்.

இவள் போனாள். குண்டுகளை எடுத்து வைத்தாள், பலகையைத் தூக்கினாள், சுவிட்சுகளை விரலால் அமுக்கினாள். எல்லாம் சரி. டிரை சால்டர், அதாவது ஈயப்பற்று விட்டுப்போன இடம் என்று ஒன்றைப் பற்றவைத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடி நின்றது. டயோடு மாற்றினாள். மறுநாளே நின்றது. இணைப்பை மாற்றினாள். அன்று மாலையே நின்றது. பழுது பார்க்கப் பார்க்கப் பழுது கூடியது.

ஹால்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஞாயித்துக்கிழமை போட்டி வச்சிருக்கேம்மா. அன்னைக்கு அது ஒரு தடவை நின்னாலும் மொத்த ஹாலும் கம்பெனி ஆளுக்குத்தான். கோவிச்சுக்காதே” என்றார்.

மிஷினை வீட்டுக்கே தூக்கி வந்தோம். தூக்கியது அவளுடைய தம்பி. “எங்க அக்கா கை பட்டா செத்த மிஷினும் எழுந்து உக்காரும் மாமா” என்று பீற்றிக்கொண்டு, மிஷினின் காலை என் காலில் வைத்துவிட்டுப் போனான். சனிக்கிழமை காலை வரை அவள் மீட்டரும் கையுமாக இருந்தாள். அந்த முகத்தில் முதன்முறையாக ஒரு ‘ஒருவேளை’யைப் பார்த்தேன்.

அதற்காக என் வேலை நிற்குமா? ஒரு சட்டைக்கு ஓரம் பிடிக்க வேண்டும். குண்டூசிக் கிண்ணத்தைக் காணோம். அடியில் காந்தம் வைத்த கிண்ணம்; கவிழ்ந்தாலும் ஊசி சிந்தாது. தேடினால் மகாராணி அதைப் பின்பால் மிஷின் அடியில் வைத்திருக்கிறாள். என் ஊசிகளோடு அவளுடைய திருகாணி, அதன் மேல் மூன்று இரும்புக் குண்டு.

“என் கிண்ணத்தை எடுக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! ஊசி எங்கே, உன் குண்டு எங்கே?” என்று கத்திக்கொண்டே ஒரு குண்டை எடுத்தேன். என் குண்டூசிகள் நாலைந்து அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. உதறினேன். விழவில்லை.

“அப்படியே இருங்க, அசையாதீங்க” என்றாள்.

குண்டை வாங்கி மேஜையில் வைத்து, இன்னொன்றை அதன் அருகில் உருட்டினாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதமாக ஹாலுக்குப் போகும்போதெல்லாம் எனக்குத் தெரியாமல் அந்தக் கிண்ணம்தான் அவள் பையில் போய்வருகிறதாம். பலகையைத் தூக்கும்போதெல்லாம் குண்டுகளை அதில்தான் போட்டிருக்கிறாள். காந்தம் ஏறிய குண்டுகள் பள்ளத்தில் தங்கள் இடத்துக்கு உருளாமல் ஒன்றோடொன்று ஒட்டி நின்றிருக்கின்றன. சுவிட்ச், போர்டு, டயோடு, பாவம், எதன் மேலும் குற்றமில்லை.

“சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டியே, புண்ணியவதி!” என்றேன். அவள் தலையில் கைவைத்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

அவளிடம் புதுக் குண்டுகள் மூன்றே மூன்றுதான் இருந்தன. போட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் காலெடுத்து வைக்க இடமில்லை. சாயங்காலம் கடைசி ஆட்டம் முடிகிறவரை மிஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஹால்காரர் வாயெல்லாம் பல்லாக எங்களைத் தேடி வந்தார்.

“கடைசியில என்னம்மா கோளாறு?”

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். போர்டு என்று சொல்லிவிட்டுப் போயேன், யாருக்குத் தெரியப்போகிறது?

“கோளாறு நான்தான்” என்றாள். அத்தனை பேர் நடுவில், குரலைத் தாழ்த்தாமல். கிண்ணத்தைச் சொன்னாள், காந்தத்தைச் சொன்னாள். “இதே மாதிரி இன்னும் மூணு மிஷின்ல கை வச்சிருக்கேன். அதுவும் நிக்கும். குண்டு மொத்தத்தையும் மாத்தணும். அது என் செலவு.”

ஹால்காரர் சிரிப்பு மறைந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏம்மா, போர்டு போயிடுச்சுன்னு நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே” என்றார் அவர்.

“நம்பியிருப்பீங்க. அப்புறம் ஒருநாள் நிஜமாவே போர்டு போயிடும். அன்னைக்கு நான் சொல்றதையும் நீங்க நம்பணும்ல?”

அவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். ஹாலின் எல்லா மிஷின் சாவியும் அதில் இருந்தது. அதை அவள் கையில் வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்தது என்றெல்லாம் சமாளிக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் நன்றாகவே அழுதேன்.