குழி எண் 217-ஐத் தேடி

அக்டோபர் 31, காலை 7.20. தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் மாறி, மாம்பலம் வந்து சேர்ந்தேன். தோள்பைக்குள் துண்டில் சுற்றிய ஒரே ஒரு மெழுகுவத்தி. தூத்துக்குடியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு மெழுகுவத்தியைத் தூக்கிக்கொண்டு வருவாளா ஒருத்தி, சென்னையில் கடையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அப்பா விடவில்லை.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. மூச்சு வாங்குவதால் ரயில் ஏற முடியாது. அவர் தாயின் வயிற்றில் இருக்கும்போதே மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா சவேரி காய்ச்சலில் செத்துப்போனார். அடக்கம் முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் ஊருக்குக் கடிதம் வந்தது. எங்கே அடக்கம் என்று அதில் இல்லை.

“கல்லறைத் திருநாளுக்கு ஊரு பூரா அவுகவுக அப்பனுக்கு மெழுகுவத்தி ஏத்துதாவ. எங்க அப்பனுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் ஏத்தலம்மா” என்றார் அப்பா. அவ்வளவுதான். நான் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காலை 10.40. மேற்கு மாம்பலத்தில் என் சித்தி மகன் ஜெரால்டு வீட்டில் குளித்துவிட்டு, அவன் சொல் கேட்டு முதலில் பெசன்ட் நகரில் உள்ள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனேன். ஆட்டோவுக்கு 240 ரூபாய். “சென்சஸ்ல எல்லார் பேரும் இருக்கும்க்கா, போய்க் கேளு” என்று அடித்துச் சொன்னான். அலுவலகத்தில் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஆளுங்க எத்தனைன்னு சொல்வோம் மேடம். யாருன்னு சொல்ல மாட்டோம். பேரெல்லாம் வெளியில தர்றதில்ல.”

நான் கணக்கு டீச்சர். வாழ்நாள் முழுக்க எண்களோடு மாரடித்தவள். அன்றைக்குத்தான் முதன்முதலாக எண்கள்மேல் எரிச்சல் வந்தது. அந்தக் காலக் கணக்கெடுப்பில் நகரத்தில் இருந்த இத்தனை லட்சம் பேரில் என் தாத்தாவும் ஒன்று. அதற்குமேல் ஒரு எழுத்தும் கிடையாது. ஜெரால்டை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மாலை 4.00. தாத்தா வேலை பார்த்த மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பழைய மாதா கோயிலின் அலுவலகம். எழுத்தர் ரெஜினா என்னைவிடப் பத்து வயது இளையவர். அடக்கப் பதிவேட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தார். தாள் அப்பளமாக நொறுங்கும் நிலையில் இருந்தது. தாத்தா இறந்த ஆண்டில் மட்டும் மூன்று சவேரி. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் குழந்தை. ஒருவர் அறுபது தாண்டியவர். மூன்றாமவர் வயது 31, ஊர் தூத்துக்குடி, தொழில் அச்சுக்கோப்பவர், குழி எண் 217. உடன் வந்த உறவினர் என்ற கட்டத்தில் ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெஜினா தண்ணீர் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, ஓரத்தில் வேறு மையில் இருந்த குறிப்பைக் காட்டினார். குழி மறுபடி திறக்கப்பட்டிருந்தது. உள்ளே வேறு குடும்பம்.

“இடம் இல்லைங்க்கா. கல்லு கட்டாத குழிக்கு வருசக்கணக்கா யாரும் வரலைன்னா திறந்து, அடியில இருக்கற எலும்ப அங்கயே ஆழமா வச்சி மூடிட்டு, மேல இன்னொருத்தர அடக்கம் பண்ணுவாங்க. எல்லாக் கல்லறையிலயும் இதான் வழக்கம்.”

“அப்ப எங்க தாத்தா மேலே வேற யாரோ படுத்திருக்காங்க, அப்படித்தானே?” என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். “ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அந்தக் குடும்பம் கண்டிப்பா வரும், பாருங்க” என்றார்.

நவம்பர் 1 முழுக்க மழை. அப்பாவுக்கு ஃபோன் செய்யவில்லை. என்னவென்று சொல்வது?

நவம்பர் 2, மாலை 5.15. ஆட்டோக்காரர் வழியிலேயே கேட்டார்: “கல்லறைக்காம்மா? பூ வாங்கிக்கினு போய்டலாமா?” சாமந்தி ஒரு முழம் நாற்பது ரூபாய். அடையாற்றங்கரைக்குப் பக்கத்தில், ரெஜினா சொன்ன கல்லறைத் தோட்டத்தில் நடக்க இடமில்லை. சுண்ணாம்பு வாசனை, ஈர மண், சாம்பிராணி. சண்டை போடத்தான் போனேன், ஒளிப்பானேன்.

217-இல் புதுச் சுண்ணாம்பு அடித்த சிலுவை. ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி குனிந்து மெழுகுவத்தி நட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் மூன்று பெயர். கணக்கு டீச்சர் பழக்கம், எண்ணிவிட்டேன். எரிந்த மெழுகுவத்திகள் நான்கு.

“இன்னாம்மா, யாரத் தேடிக்கினு கீற?” என்றாள்.

“மூணு பேருதானே எழுதியிருக்கு. நாலாவது யாருக்கு?”

“அதுவா? எங்கம்மாவுக்குக் குழி தோண்டறப்ப அடியில ஒரு ஆளு எலும்பு இருந்திச்சு. யாருமே வராத தாத்தான்னு வெட்டியாரு சொன்னாரு. அவரு வூட்லதான நாம குடி வந்துகீறோம்னு எங்கப்பா அன்னிக்கே ஒண்ணு சேத்து ஏத்தினாரு. முப்பது வருசமா ஏத்திக்கினுகீறோம். ஏன் கேக்கற?”

பையைத் திறந்து, துண்டைப் பிரித்து மெழுகுவத்தியைக் காட்டினேன். அவள் என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஐயோ, உங்காளா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் ஸ்டெல்லா.

அங்கிருந்தே அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“முப்பது வருசமாவா? பேரு தெரியாமலா?” என்றார் அப்பா. பிறகு, “எம்மா, அந்தப் பிள்ளைகிட்ட பேரச் சொல்லு. சவேரி. வயசு முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொண்ணா!” ஸ்டெல்லா வாயில் கை வைத்தாள். “எம் புள்ள வயசு. நான் இத்தினி நாளா தாத்தா தாத்தான்னு வேண்டிக்கினு இருந்தனே.”

அப்பாவின் மெழுகுவத்தியை அவள்தான் பற்றவைக்கச் சொன்னாள், ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த நான்காவதிலிருந்து.

நவம்பர் 3 இரவு ரயில் ஏறி மறுநாள் வீடு வந்தேன். எங்கள் ஊர்க் கல்லறை இப்படியெல்லாம் நெருக்கியடிக்காது. கடற்காற்று வீசும், எங்கள் குடும்பக் கல்லறைக்குச் சிமெண்டும் சலவைக்கல்லும் உண்டு. அதில் நான்கு பெயர். ஆண்டுதோறும் எண்ணி நான்குதான் ஏற்றுவோம். நான் வருவதற்கு முன்பே அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

“நம்ம குழிக்கு அடியில யாரும்மா இருக்காவ?” என்றார்.

“யாருக்குப்பா தெரியும்.”

ஆட்டோ வைத்து அவரைக் கூட்டிப்போனேன். திருநாள் முடிந்து, கல்லறையில் ஆளே இல்லை. மூச்சு வாங்க வாங்கக் குனிந்து, ஐந்தாவது மெழுகுவத்தியை அப்பாவே ஏற்றினார்.