வெங்காயக் கலர் ஆன அரக்குப் புடவை

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் எனக்கு உள்ளறை. வெளியே படம் எடுத்து முடித்ததும் ஜனங்கள் திரையை விலக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று தாங்களே சொல்லித் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் குரல் தாழ்ந்துவிடும். "கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா."

ஏற்றிக் கொடுப்பேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்களே, அந்த ஆயிரத்தில் முதல் பொய் எங்கள் ஸ்டூடியோவில்தான் பிறக்கும். தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மெல்லிய பிரஷ்தான் ஆயுதம். பிரிண்டில் பருவை மூடுவேன், நெற்றித் தழும்பை மறைப்பேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. டச்சப் என்றால் ஜில்லாவிலேயே நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லவும் சொன்னேன், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அந்தத் தலைக்கனத்துக்குக் காரணம் இருந்தது. நானே ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தேன். எந்த முகம் வந்தாலும் ஒரே சொடுக்கு. படத்தில் செம்பழுப்பாக என்னவெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் கம்ப்யூட்டர் தானே தேடிப் பிடித்து வெளுக்க வைத்துவிடும். நம் ஊர் தோலில் முக்கால்வாசி அந்த நிறம்தானே. நான் டீ குடித்து முடிப்பதற்குள் கல்யாணப் பெண் இரண்டு படி ஏறியிருப்பாள். நானும் கறுப்புதான். என் ரேஷன் கார்டு படத்தையே மூன்று படி ஏற்றி, வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கியவள் நான்.

ஸ்டூடியோ நடத்தியவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் படம் எடுப்பார், நான் திருத்துவேன். அந்த வருஷம் ஊரில் இருந்த பெரிய ஜவுளிக்கடை ஒன்று, ஆவணி முகூர்த்தத்துக்கு நோட்டீஸும் பஸ் ஸ்டாண்டில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனரும் வைக்க எங்களிடம் வந்தது. ஃப்ளெக்ஸ் வந்த புதிது. இருபதடி உயரத்தில் ஒரு பெண் புடவை கட்டிக்கொண்டு நிற்பதை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் படம் எடுப்பது, சென்னையிலிருந்து மாடல் வருவது என்று முடிவானது.

விடியற்காலையிலேயே போய்விட்டோம். அண்ணன், நான், கடை முதலாளி, அப்புறம் கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிற ஒரு அக்கா. மாடலுக்குப் புடவை கட்டிவிட வந்தவர் அவர். கொசுவம் வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் அவரைத் தேடிவந்து கேட்பார்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் குழந்தை. வீட்டுக்காரர் கல்பாக்கத்தில் கேன்டீன் வேலை.

மாடல் வரவில்லை. சூரியன் ஏறிக்கொண்டே போனது. பின்னால் சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. முதலாளி போனைக் காதிலிருந்து எடுக்காமல் மணலில் நடந்தார். நடந்து நடந்து மணலில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. கடைசியில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அந்த அக்காவைப் பார்த்தார்.

"கட்டிவுட வந்தவளே கட்டிக்கட்டும். மூஞ்சிய அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

அக்கா முதலில் பதறினார். "நானா? இன்னா சார் வெளாடறீங்களா?" என்றார். ஆனால் சவுக்குத் தோப்புக்குள் போய் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. நல்ல கறுப்பு. மேலுதட்டுக்கு மேலே ஒரு மச்சம். சிரித்தால் எட்டிப் பார்க்கிற தெத்துப்பல். அண்ணன் "இப்டி நில்லுங்க, அப்டி நில்லுங்க" என்றதெல்லாம் வீணாய்ப் போனது. மரக்கட்டை மாதிரி நின்றார். அப்புறம் ஒரு அலை சொல்லாமல் கொள்ளாமல் முழங்கால் வரைக்கும் ஏறியது. "ஐயையோ, பட்டு!" என்று புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் அந்த ஒரு நொடியைப் பிடித்துவிட்டார்.

படம் திரையில் வந்ததும் நான் என் வேலையைக் காட்டினேன். ஒரே சொடுக்கு. மச்சத்தை எடுத்தேன், தெத்துப்பல்லை வரிசையில் நிறுத்தினேன். மூக்கைக்கூடக் கொஞ்சம் கூராக்கினேன். யாரும் கேட்கவில்லை, கை சும்மா இருக்கவில்லை. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று "அடேங்கப்பா" என்றார். எனக்கு ஒரு வாரத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

நோட்டீஸ் நாளிதழோடு வீடு வீடாகப் போனது. பேனர் பஸ் ஸ்டாண்டில் ஏறியது. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அக்கா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் நாலாக மடித்த நோட்டீஸ். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. "எம்பொண்ணு இத ஸ்கூலுக்கு எடுத்துகினு போச்சிம்மா. இது எங்கம்மான்னு எல்லாருக்கும் காட்டிகீது. பசங்க எல்லாம் சேர்ந்து சிரிச்சி, புளுகினி புளுகினின்னு பேரு வெச்சிட்டாங்க. மூணு நாளா அதான் கூப்பிட்றாங்களாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் கோபம் எப்போதும் வருத்தத்துக்கு முன்னால் ஓடிவந்து நிற்கும். "அழகாத்தானேக்கா பண்ணிகீறேன்?" என்றேன்.

"அழகாத்தான் கீது. யாரு அது?"

நோட்டீஸைப் பிரித்து என் கண் முன்னால் நீட்டினார். அப்புறம் மறுபடியும் மடித்தார். "நேத்து ராத்திரி சோறு ஊட்டறப்ப கேக்குது. அம்மா, நெஜமாவே உன்ன போட்டோ புடிச்சாங்களா, இல்ல நீயும் சும்மா சொன்னியான்னு." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நீ கை வெக்கறதுக்கு மின்னாடி இருந்த படம் ஒண்ணு குடும்மா. அது போதும்."

அசல் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஜவுளிக்கடை வாசலில் பார்த்துக் கேட்டபோது அக்கா உதட்டைப் பிதுக்கினார். வகுப்புக் குழந்தைகள் அதையும் நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். 'இது உங்கம்மா, ஒத்துக்கறோம். ஆனா நோட்டீஸ்ல கீறது வேற ஆளு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம். கெட்டிக்காரக் குழந்தைகள். அவர்கள் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்காவின் பெண் புளுகினியாகவே இருந்தாள், அவளைப் புளுகினி ஆக்கியவள் நான். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா மீன் குழம்பு வைத்திருந்தும் இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் முழுக்கப் போன நோட்டீஸை எப்படித் திரும்ப வாங்குவது? இருபதடி பேனரை யார் இறக்குவார்கள்? முதலாளியிடம் போய், ஒரு குழந்தை அழுகிறது, படத்தை மாற்றுங்கள் என்றால் அவர் என்னை மாற்றச் சொல்லுவார். அப்படி நான் குமைந்துகொண்டிருந்தபோதுதான், என் வித்தையே எனக்கு உதவிக்கு வந்தது.

அந்த வாரக் கடைசியில் முதலாளி புயல் மாதிரி ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். கையில் நோட்டீஸ்.

"இன்னா கலர் இது? சொல்லு, இன்னா கலரு?"

பார்த்தேன். அப்போதுதான் உண்மையாகவே பார்த்தேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் புடவையைக் கவனிக்கவே இல்லை. செம்பழுப்பையெல்லாம் தேடிப் பிடித்து வெளுக்கும் என் சொடுக்குக்குத் தோல் எது, பட்டு எது என்று தெரியுமா? அக்காவோடு சேர்த்து அரக்குப் புடவையையும் இரண்டு படி ஏற்றிவிட்டிருந்தது. அது வெங்காயக் கலராகி நின்றது.

"காலைலேர்ந்து பொம்பளைங்க வந்துகினே கீறாங்க. நோட்டீஸ நீட்டி, இந்த வெங்காயக் கலரு குடுங்கன்றாங்க. என் கடைல அந்தக் கலர்ல ஒரு கைக்குட்டகூட கெடையாது! அரக்க எடுத்துக் காட்னா, ஏமாத்தறீங்களான்னு கேக்கறாங்க. பேஜாரா பூட்ச்சி."

அண்ணன் ஓடிவந்தார். முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து உத்தரவு போட்டார். நோட்டீஸ் புதிதாக அடிக்க வேண்டும், பேனரும் மாற்ற வேண்டும். "பொடவ மட்டும் பழைய கலருக்குக் கொண்டா. மூஞ்சி இப்டியே இருக்கட்டும்."

அது எனக்குப் பத்து நிமிஷ வேலை. புடவையைத் தனியாக வெட்டி, அசல் நிறத்தைக் கொண்டுவந்து பொருத்த வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கையை மவுஸில் வைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

"முடியாது சார்" என்றேன்.

"இன்னா முடியாது?"

"ரெண்டும் ஒரே கலர்ல கலந்துபோச்சி சார். பொடவய எறக்குனா மூஞ்சியும் கூடவே எறங்கும்."

"சரி, மூஞ்சி எறங்கட்டும். அந்த மச்சம்?"

"மச்சமும் வந்துரும் சார்."

"பல்லு?"

"பல்லும்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லு இன்னா செவப்பாவா கீது? அதுக்கும் பொடவைக்கும் இன்னா சம்மந்தம்?"

எனக்கு வியர்த்துவிட்டது. பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு அதை முட்டுக்கொடுக்கத் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். என்னால் முடியும் என்பது ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டே, "ஆமா சார். பழசுக்குப் போனா மொத்தமா பழசுக்குத்தான் போவணும். பாவம், இந்தப் பொண்ணுக்கு அவ்ளோ வேல இன்னும் வரல" என்றார்.

வேல வரல! எனக்கா! காது மடல் வரைக்கும் சூடேறியது. முதலாளி விடவில்லை. "இது கூடத் தெரியாம இன்னா கம்ப்யூட்டர் படிச்ச நீ? இவள வெச்சிகினு எப்டிப்பா கடை நடத்தற?" என்று வாசலில் காத்திருந்தவர்கள் காதில் விழும்படி கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசியவள், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். நான் அப்படிப் பேசாமல் இருந்ததை என் அம்மா பார்த்திருந்தால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பாள்.

"போட்டுத் தொல. எனக்குப் பொடவதான் முக்கியம்" என்றுவிட்டு முதலாளி எழுந்து போனார். திரை ஆடி நின்றதும் அண்ணன் என்னைப் பார்த்து, "டீ சொல்லட்டுமா, வேல தெரியாதவளே?" என்றார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுதினால் அதுவும் டச்சப்தான். மறுநாளே ஒரு மாப்பிள்ளையின் வழுக்கையில் முடி நட்டுக் கொடுத்தேன். ஆனால் அக்காவின் அசல் படத்தில் மட்டும் கையே வைக்கவில்லை. அலைத் தண்ணீரில் புடவை விளிம்பு நனைந்திருந்ததைக்கூட அப்படியே விட்டேன்.

புதிய நோட்டீஸ் அடுத்த வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை காலையில் புதிய பேனர் ஏறுகிறது என்று தெரிந்து, வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். அந்த அக்காவும் திருக்கழுக்குன்றம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பள்ளிக்கூடம் லீவு. குழந்தையைக் கையில் பிடித்திருந்தார். அந்தக் குழந்தையை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இரட்டைப் பின்னல், ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

மேலே இருபதடிக்கு அந்த அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்பாக, மச்சத்தோடு, தெத்துப்பல் தெரிய, அரக்குப் பட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எத்தனையோ முகத்தைத் திருத்தியவள் நான். அன்றைக்குத்தான் ஒரு முகத்தைத் திருத்தத் தோன்றாமல் பார்த்தேன். அவ்வளவு அழகு. இதையா நான் அழித்தேன்?

குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இன்னாம்மா, மேல நின்னு சிரிச்சிகினு கீற, கீழ நின்னு அழுதுகினு கீற. நான் எத நம்பறது?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அம்மா கையை உதறிவிட்டுப் பூக்காரம்மாவிடம் ஓடியது. "அது எங்கம்மா." பூக்காரம்மா மேலே பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "ஆமாண்டி!" என்றார். டிக்கெட் எடுக்க நின்றவரிடம் ஓடியது. வேர்க்கடலை விற்றவரிடம் ஓடியது. வேலைக்குப் போகிற இரண்டு பெண்களை மறித்து நிறுத்தியது. ஒவ்வொருவரும் ஒரு தடவை மேலே பார்த்து, ஒரு தடவை அக்காவைப் பார்த்து, தலையை ஆட்டினார்கள்.

கடைசியில் டீக்கடைக்கும் வந்தது. நான் யார் என்று அதற்குத் தெரியாது. மூச்சிரைக்க என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "அக்கா, அக்கா, அது எங்கம்மா" என்றது.

மற்றவர்களைப் போலவே நானும் மேலே பார்த்தேன், அதன் அம்மாவைப் பார்த்தேன்.

"ஆமாண்டி கண்ணு, உங்கம்மாதான்" என்றேன்.