பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

தைவானின் யுன்லின் மாவட்டத்துக்கு சியாவ் டிங்ஃபூ பன்னிரண்டு ஆண்டுகள் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். தலைநகர் தைபேயில் அவர் பேசியதை ஊரில் யாரும் கேட்டதில்லை. சாவு வீடுகளில் அவர் குனிந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காலை ஏழரைக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் ஒன்பது பந்தல். அஞ்சலிக்கு அறிவிப்பாளர் அவர் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார். ஊதுபத்தி, படத்துக்கு மூன்று முறை குனிதல், குடும்பத்தாரின் கையைப் பற்றுதல். வெளியே எஞ்சினை அணைக்காமல் கார் நிற்கும். மொத்தம் மூன்று நிமிடம்.

காரை ஓட்டியவன் லியாவ் ஜின்சுவான். பள்ளித் தோழன், பூண்டு விவசாயி. ஒருமுறை ஒரே தெருவில் இரண்டு பந்தல்கள். டிங்ஃபூ வேறு யாருடைய படத்துக்கோ குனிந்துவிட்டு வந்தார்.

“விடுடா. செத்தவரு கோவிச்சுக்கவா போறாரு? ஓட்டு ரெண்டு பந்தல்லயும் இருக்கு” என்றான் ஜின்சுவான்.

ஜின்சுவானின் அம்மா இறந்தபோதும் மூன்று நிமிடம்தான். துக்க உடையில் நின்றவனே, “நேரமாச்சு, கெளம்புடா” என்று தள்ளிவிட்டான்.

இந்த ஜனவரியில் டிங்ஃபூ தோற்றார். மறுநாள் திறந்த வண்டியில் நின்று வாக்காளர்களுக்கு நன்றி சொல்லிப் போனார். தோற்றாலும் போக வேண்டும். ஒரே ஒரு வீட்டு வாசலில் அவரை வரவேற்றுப் பட்டாசு வெடித்தது. அது வண்டியை ஓட்டிய ஜின்சுவானின் வீடு.

மார்ச்சில், அறுவடை நடுவே, ஜின்சுவான் வயலில் விழுந்து இறந்தான். இவனோடு மட்டுமாவது கடைசி வரை இருக்க வேண்டும் என்று டிங்ஃபூ எட்டு மணிக்கே பந்தலில் வந்து உட்கார்ந்தார்.

புதிய உறுப்பினர் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடத்தில் அவர் போய்விட்டார். பிறகு விவசாயிகள் சங்கம், கோயில் குழு, பள்ளிக்கூடம். டிங்ஃபூ தன் பெயருக்காகக் காத்திருந்தார். வாசலில் ஒரு மேசை இருக்கும், பெயரை அங்கே எழுதித் தரவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அதையெல்லாம் உதவியாளர்கள் செய்துவந்தார்கள்.

“பட்டியல்ல பேர் இல்லாதவங்க யாராவது இருந்தா வரலாம்.”

அவர் எழுந்து போனார். மூன்று முறை குனிந்தார். கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. ஜின்சுவானின் மகன் யூசியாங் கையைப் பற்றினான்.

“தலைவரே, அடுத்த எடத்துக்கு நேரமாயிருக்கும். நீங்க கெளம்புங்க.”

“அடுத்த எடம் இல்லப்பா.”

யூசியாங் குரலைத் தாழ்த்தினான். “மறுபடியும் நிக்கப் போறீங்களா?”

“இல்ல.”

“பின்ன எதுக்கு...” பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“உங்கப்பாகூடக் கடைசி வரைக்கும் வரேன்.”

தகனக்கூடத்துக்குப் போக வெளியே நின்ற பேருந்தை யூசியாங் பார்த்தான். “பஸ்ல சொந்தக்காரங்களுக்கே எடம் பத்தல தலைவரே.”

“பரவால்ல. கார் இருக்கு.”

ஓட்ட ஆளில்லை. அவரே ஓட்டினார். அத்தனை சாவுகளுக்குப் போனவர் தகனக்கூடத்துக்கு ஒருமுறையும் போனதில்லை, வழி தெரியாது. பூண்டு வயல்களுக்கு நடுவே, முன்னால் போன பேருந்தைக் கண்ணிலிருந்து விடாமல் போய்க்கொண்டிருந்தார்.