மாமாவின் உயிலில் எங்கள் கதவு எண்

என் மாமா பெரிய எழுத்தாளர். அவருடைய பேர்போன நாவலே, சின்ன வயதில் செத்துப்போன அக்காவைப் பற்றியதுதான். அந்த அக்கா என் அம்மா. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டு, குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கிறாள்.

மங்கலம்பேட்டை முஸ்லிமான என் அப்பாவை, எங்கள் வழக்கில் அத்தாவைக் கட்டிக்கொண்டு அவள் கிளம்பிய வாரமே, ஸ்ரீமுஷ்ணத்தில் அவள் வீட்டார் அவள் படத்துக்கு மாலை போட்டுக் கருமாதி செய்துவிட்டார்கள். தம்பி அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். "அவனுக்கு நான் இருக்கிற எடம் தெரியாது. தெரிஞ்சா ஓடியாந்திருப்பான்" என்பாள் அம்மா. நாற்பது வருஷமாக இதே பேச்சு. எனக்கோ அந்த நாவலின் அட்டையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் மாமா இறந்துபோனார். இந்த மாதம் அவர் மகன் ஆப்பிள் பையோடு காரில் வந்து இறங்கினான். இத்தனை வருஷம் இல்லாத பாசம் திடீரென்று எங்கிருந்து குதிக்கும்?

"ஒண்ணுமில்ல அத்தை, அப்பா பழைய உயில் ஒண்ணு வச்சிருக்காரு. உங்க பேருல கொஞ்சம் நெலம் இருக்குது. வேணாம்னு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும்."

அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டேன். "மொதல்ல உயிலைக் காட்டுங்க" என்றேன். தயங்கினான். ஜெராக்ஸைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். பதிவு முத்திரையைப் பார்த்தேன், சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தேன், பக்கம் குறைகிறதா என்று எண்ணினேன். நாவல் வெளிவருவதற்கு ஒரு வருஷம் முன்பே பதிவான உயில். எல்லாம் சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"சத்தமா படிடி" என்றாள் அம்மா.

அறிவுகெட்டவள் நான். நிலம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் மடமடவென்று படித்தேன். 'என் உடன்பிறந்த தமக்கை' என்று எழுதியிருந்தார். மதம் மாறி அவள் வைத்துக்கொண்ட பெயர், அத்தாவின் பெயர், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் இன்றும் குடியிருக்கும் தெரு, கதவு எண்.

"நில்லு. கதவு நம்பரு கூடவா போட்டிருக்கான்?"

"ஆமாம்மா."

"எப்ப எழுதினது?"

"இருபத்தெட்டு வருஷம் ஆவுது."

அதற்குமேல் அவள் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி மகனிடம் பேனாவை வாங்கினாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"வழி தெரியாமத்தான் வரலைன்னு இருந்துட்டேன்டி" என்றாள்.

மாமா செத்த அன்றைக்கும் அம்மா அழுதாள். அன்று இப்படி அழவில்லை.