யானைக் குல்லா

வால்பாறை எஸ்டேட்டில் குடியிருக்கும் தோழியின் மகளுக்காகக் குரோஷா ஊசியில் யானைக் குல்லா பின்னினேன். சாம்பல் நிறக் கம்பளி நூல், பெரிய காதுகள், நெற்றியில் தொங்கும் தும்பிக்கை. கோவையில் பார்த்தவர்களெல்லாம் மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே போய் நீட்டியதும் குழந்தை வீறிட்டு அழுதது. அப்போதுதான் சமையலறைச் சுவரின் புதுச் சிமெண்ட் பூச்சு கண்ணில் பட்டது. முந்தின மாதம் அரிசி தேடி வந்த யானை இடித்த சுவர். அதைத் தோழி போனில் சொன்னபோது, நூல்கடையில் நிறம் பார்த்தபடி வெறுமனே உம் கொட்டியிருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"விடுங்கக்கா, எனக்கு அளவாத்தான் இருக்குதுங்க" என்று, என் முகம் வாடாமலிருக்க தோழியே அதை இழுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

குழந்தை அம்மாவை விட்டு ஓடிவந்து, அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற என் காலைக் கட்டிக்கொண்டது.