கெட்டிமேளத்துக்கு ஒரு காது

பூந்தமல்லி ஏசி மண்டபத்தில் என் தங்கை மகள் கல்யாணம். கரண்ட் இருக்கும்போதே பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடியது. எங்கள் டீசலை யார் எரிப்பது என்று சண்டைக்குப் போனேன். ஆபரேட்டர் நின்றிருந்தார். கசங்கிய காக்கிச் சட்டை, நரைத்த மீசை, ஒரு காதில் மட்டும் பஞ்சு.

"கரண்டுதான் இருக்கே, எதுக்குங்க இது?"

"கீது சார். தாலி கட்டசொல்லோ பூட்ச்சுன்னா? நான் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி லோடு மாத்தறதுக்குள்ள மேடை இருட்டாய்டும். அதான் ஐயர் வர்றதுக்கு முன்னாடியே மாத்தி வச்சுட்டேன்."

"இன்னொரு காதுக்குப் பஞ்சு வைக்கலையா?"

"அது மேளத்துக்கு சார். இங்கேர்ந்து மேடை தெரியாது."

எனக்குக் கோபம் போய்விட்டது. கெட்டிமேளம் முழங்கியபோது கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். பந்தி தொடங்கிய பிறகுதான் மாற்றுச் சுவிட்சின் கைப்பிடியைத் திருப்பினார். ஜெனரேட்டரிலிருந்து கரண்டுக்கு மாறும் அந்த ஒரு நொடி, மண்டபமே இருண்டு மீண்டது.

"எவன்யா அவன்? சாம்பாரை வேட்டியில ஊத்திட்டானுங்க!" என்று பந்தியிலிருந்து ஒரு குரல். தொடர்ந்து நல்ல வசவுகளும் வந்தன.

அன்று கரண்ட் போகவே இல்லை. அவர் இன்ஜினை நிறுத்தினார். இன்ஜின் சத்தம் அடங்கிய பிறகும் பந்தியில் வசவு ஓயவில்லை; பையிலிருந்து இன்னொரு பஞ்சை எடுத்துத் திறந்திருந்த காதில் வைத்துக்கொண்டார்.