மூன்று மணி நேரம் தனியாக

எல்ஸ்பெத் சூபர்பூலருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. போடன் ஏரிக்கரையில் இருந்த எங்கள் மனநல மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் தாதி. அந்தப் பிரிவுக்கு மேலேயே ஒரு சின்ன அறை. பத்தொன்பது வருஷமாக அதில்தான் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாங்களெல்லாம் வீட்டுக்குப் போவோம். அவளுக்குப் போக இடமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பாசெல் நகரத்து மருந்துக் கம்பெனியிலிருந்து புது மருந்து வந்தது. வாயடைத்துப் போனவர்களின் மனதைத் திறக்கும் என்றார்கள். நோயாளிக்குக் கொடுக்குமுன் ஊழியர் யாராவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் இளம் டாக்டர் கீசின்.

"நான் சாப்பிடறேன். எனக்கு ஏதாவது ஆனா தந்தி அடிக்கக்கூட ஆள் கிடையாது, உங்களுக்கும் செலவு மிச்சம்" என்றாள் எல்ஸ்பெத். எல்லோரும் சிரித்தோம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொடுத்தார்கள். கொடுத்த உடனேயே ஆண்கள் பிரிவில் ஏதோ கலவரம் என்று டாக்டரைக் கூப்பிட்டார்கள். போனவர் ஒரு மணிக்குத்தான் திரும்பினார். அந்த மூன்று மணி நேரமும் அவளுக்குச் சுவர் மூச்சு விட்டது. தன் கைகள் யாருடையவோ போலத் தெரிந்தன. கூப்பிட்டிருக்கிறாள். தாழ்வாரத்தில் போன ஒருத்தி, "இதோ வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அது நான்தான். அன்று நோயாளிகளின் படுக்கைத் துணி மாற்றும் அவசரம் எனக்கு.

டாக்டர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

"என்ன தெரிஞ்சது, சிஸ்டர்?"

"யாரும் வரல, டாக்டர்."

"அதில்ல. நிறம், உருவம், அந்த மாதிரி?"

"அதைத்தான் சொல்றேன். யாரும் வரல. நானும் பத்தொன்பது வருஷமா இப்படித்தான் 'இதோ வரேன்'னு சொல்லிட்டுப் போயிருக்கேன்."

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: இந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும், முதலிலிருந்து கடைசிவரை பக்கத்தில் அவள்தான் உட்காருவாள்.

முதலில் ரெகுலா தானர். பூத்தையல் வேலை செய்தவள். குழந்தை ஏரியில் மூழ்கிப்போனதிலிருந்து ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவள். மருந்து ஏறியதும் நடுங்கினாள்.

"கால் குளிருது."

எல்ஸ்பெத் அந்தக் கால்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்தாள். ரெகுலா சாயங்காலம்வரை அழுதாள். பிறகு எல்ஸ்பெத்தின் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"எல்ஸ்பெத். ஒன்பது வருஷமா உங்களுக்குக் காபி கொண்டு வரேனே."

"தெரியும். ஒரே தண்ணி."

எல்ஸ்பெத் அப்படி விழுந்து விழுந்து சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் பேசினார்கள். வசந்தத்தில் ரெகுலாவின் தங்கை வந்து அவளைத் தன் ஊரான ஹெரிசாவுக்கு அழைத்துப்போனாள். கார் கிளம்பும்போது ரெகுலா திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அந்த மருந்து இப்படிக் கைகொடுக்கவும் இல்லை; சிலர் பயந்து முன்னைவிட மோசமானார்கள். அவர்களோடும் அவள் உட்கார்ந்தாள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மருந்து வருவதே நின்றது. டாக்டர் எழுதிய கட்டுரையில் அவள் பெயர் இல்லை.

ஓய்வு பெற்ற வருஷம் ஒருநாள் ரயிலேறி ஹெரிசாவுக்குப் போயிருக்கிறாள். சந்தையில் ரெகுலா தங்கையோடு நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

"போய்ப் பேசலையா?" என்று கேட்டேன்.

"என்னைப் பாத்தா அவங்களுக்கு ஆஸ்பத்திரிதானே ஞாபகம் வரும்?" என்றாள். அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டாள்.